கண்புரை ஆபரேஷனுக்குப் பிறகு அழற்சி குறைக்கும் சொட்டு மருந்து: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கண்புரை ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போது கையில் இரண்டு மூன்று சொட்டு மருந்து பாட்டிலும், எந்த வாரம் எத்தனை முறை என்று கட்டம் போட்ட ஒரு தாளும் கொடுப்பார்கள். ஆபரேஷன் பெரும்பாலும் அரைமணிக்குள் முடிந்துவிடும். அந்தத் தாளோ ஒரு மாதம், சில சமயம் ஒன்றரை மாதம் கூடவே வரும். சந்தேகங்கள் எல்லாம் அந்த நாட்களில்தான் வரும், அதுவும் டாக்டர் பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்து வரும். அவற்றில் அழற்சி குறைக்கும் மருந்து தொடர்பானவை இங்கே. உங்கள் தாளில் இதிலிருந்து மாறுபட்டு எழுதியிருந்தால் தாளில் உள்ளபடியே செய்யுங்கள். அது உங்கள் கண்ணைப் பார்த்து எழுதியது.

தையல் இல்லை, வலி இல்லை. அப்புறம் அழற்சி எங்கிருந்து வருகிறது?

வெளியே தெரிவது 2 முதல் 3 மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு சின்னத் திறப்புதான். உள்ளே நடப்பது அவ்வளவு சின்னதல்ல. ஃபேகோ முறையில் ஒலியலையால் அதிரும் ஊசி, கெட்டிப்பட்ட லென்ஸை உடைத்து உறிஞ்சி எடுக்கிறது. அந்த நேரம் முழுக்கக் கண்ணுக்குள் திரவம் ஓடிக்கொண்டே இருக்கும். கிருஷ்ணபடலம் (கண்மணியைச் சுற்றியுள்ள நிறமுள்ள வளையம்) உரசப்படும், கடைசியில் செயற்கை லென்ஸும் உள்ளே போய் உட்காரும். இதில் அடிபட்ட செல்களின் சவ்விலிருந்து அரகிடோனிக் அமிலம் வெளிவருகிறது. காக்ஸ் என்ற நொதி அதைப் புரோஸ்டாகிளாண்டினாக மாற்றுகிறது. புரோஸ்டாகிளாண்டின் சேர்ந்தால் கண்ணுக்குள் உள்ள நுண்ணிய ரத்தக்குழாய்கள் கசியத் தொடங்கும். புரதமும் வெள்ளணுக்களும் கண்ணின் முன்னறை நீரில் கலக்கும்.

மறுநாள் பரிசோதனையில் உங்கள் தாடையை ஒரு கருவியில் வைக்கச் சொல்லி, இருட்டறையில் மெல்லிய ஒளிக்கீற்றைக் கண்ணுக்குள் பாய்ச்சுவார்கள். ஜன்னல் இடுக்கில் விழும் வெயிலில் தூசி மிதப்பதுபோல அந்தக் கீற்றில் வெள்ளணுக்கள் மிதப்பது டாக்டருக்குத் தெரியும். எத்தனை மிதக்கின்றன என்று எண்ணித்தான் அழற்சி கூடியிருக்கிறதா குறைந்திருக்கிறதா என்று குறித்துக்கொள்வார். வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடி முன் நின்றால் இது தெரியாது. இந்தப் பக்கத்தில் உள்ள பாதிக் கேள்விகளுக்கு விடை இந்த ஒரு விஷயத்தில்தான் இருக்கிறது.

அழற்சி குறைக்கும் மருந்தில் எத்தனை வகை?

இரண்டு. ஒன்று ஸ்டீராய்டு: பிரெட்னிசோலோன் அசிடேட் 1%, டெக்ஸாமெத்தசோன் 0.1%, டைஃப்ளூபிரெட்னேட் 0.05%, லோட்டிபிரெட்னால் 0.5% ஆகியவை. இன்னொன்று ஸ்டீராய்டு அல்லாத வகை: கீட்டோரோலாக், நெபாஃபெனாக், புரோம்ஃபெனாக், டைக்லோஃபெனாக்.

ஸ்டீராய்டு, அரகிடோனிக் அமிலம் வெளிவருவதையே தடுக்கிறது. வெள்ளணுக்கள் வந்து குவிவதையும் குறைக்கிறது. மற்ற வகை அதற்கு அடுத்த படியில், காக்ஸ் நொதியை மட்டும் பிடித்து நிறுத்துகிறது. ஆஸ்பிரின் எப்படி வேலை செய்கிறது என்று 1971-ல் ஜான் வேன் காட்டியதும் இதே வழியைத்தான்.

இந்த மருந்துகள் இல்லாத காலமும் இருந்தது. 1949-ல் லண்டனில் ஹெரால்ட் ரிட்லி முதன்முதலாகக் கண்ணுக்குள் செயற்கை லென்ஸ் வைத்தார். கார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டு முதன்முதலாக மனிதர்களுக்குக் கொடுக்கப்பட்டதே அதற்கு முந்தைய ஆண்டுதான். ஸ்டீராய்டு சொட்டு மருந்து இன்னும் புழக்கத்துக்கு வரவில்லை. ஆரம்பகால லென்ஸ் நோயாளிகள் கடும் அழற்சியோடு போராட வேண்டியிருந்தது.

இரண்டும் எதற்கு? ஒன்று போதாதா?

இதில் டாக்டர்களுக்குள்ளேயே ஒருமித்த வழக்கம் இல்லை. சிலர் ஸ்டீராய்டு மட்டும் எழுதுவார்கள், சிலர் இரண்டும் எழுதுவார்கள், சிலர் ஸ்டீராய்டு அல்லாததை மட்டும் எழுதுவார்கள். உங்கள் தாளும் பக்கத்து வீட்டுக்காரர் தாளும் ஒன்றாக இல்லையே என்று கவலைப்பட வேண்டாம்.

இரண்டாவது மருந்தைச் சேர்ப்பதற்கு முக்கியக் காரணம் விழித்திரையின் நடுப்பகுதி. கூர்மையான பார்வை தருகிற அந்த இடத்தில் நீர் கோத்துக்கொண்டால் பார்வை மங்கும். இதை 1953-ல் இர்வின் என்ற கண் மருத்துவர் விவரித்தார். பின்னர் காஸ் விரிவாக ஆராய்ந்தார். அதனால் இருவர் பெயரையும் சேர்த்து இர்வின்–காஸ் என்பார்கள். சாதாரண ஆபரேஷனில் நூற்றில் ஓரிருவருக்குப் பார்வையைப் பாதிக்கும் அளவில் வரலாம். 2018-ல் வெளியான ஐரோப்பிய ஆய்வு ஒன்றில், சர்க்கரை நோய் இல்லாதவர்களுக்கு புரோம்ஃபெனாக்கையும் டெக்ஸாமெத்தசோனையும் சேர்த்துக் கொடுத்தபோது, தனித்தனியாகக் கொடுத்ததைவிட இந்த நீர்க்கோப்பு குறைவாக வந்தது.

ஆன்டிபயாட்டிக் சொட்டு மருந்தும் கொடுத்திருக்கிறார்கள். அதுவே அழற்சியையும் பார்த்துக்கொள்ளாதா?

பார்த்துக்கொள்ளாது. அது கிருமிக்கு. இங்கே பேசும் அழற்சி கிருமியால் வந்ததல்ல, ஆபரேஷனால் வந்தது. ஆன்டிபயாட்டிக் ஒன்றிரண்டு வாரத்தில் நின்றுவிடும், மற்றது தொடரும்.

ஆன்டிபயாட்டிக்கும் ஸ்டீராய்டும் கலந்த ஒரே பாட்டில் வசதிதானே?

ஆரம்பத்தில் வசதிதான். ஒரு பாட்டில், ஒரு சொட்டு, காத்திருக்கும் வேலையும் குறைவு. சிக்கல் பிறகு வரும். ஆன்டிபயாட்டிக்கைப் படிப்படியாகக் குறைப்பது வழக்கமல்ல; முழு அளவில் விட்டு முடித்ததும் நிறுத்துவார்கள். ஸ்டீராய்டைக் குறைத்துத்தான் நிறுத்த வேண்டும். கலவை பாட்டிலில் இரண்டும் சேர்ந்தே குறையும், சேர்ந்தே நீளும். அதனால் பல டாக்டர்கள் முதல் வாரத்துக்குக் கலவையும், அதன்பின் வெறும் ஸ்டீராய்டும் எழுதுவார்கள். மருந்து திடீரென்று மாறியிருக்கிறதே, கடையில் தப்பாகக் கொடுத்துவிட்டார்களோ என்று குழம்ப வேண்டாம். சந்தேகம் இருந்தால் தாளில் உள்ள பெயரையும் பாட்டிலில் உள்ள பெயரையும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். மூடியின் நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். ஒரே நிற மூடியில் வேறு வேறு மருந்துகள் வருகின்றன.

நாலு நாளிலேயே பளிச்சென்று தெரிகிறது. சிவப்பும் இல்லை. மருந்தை நிறுத்திவிடலாமா?

வேண்டாம். அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி இதுதான். கேட்காமலே நிறுத்திவிடுகிறவர்களும் நிறைய.

பார்வை தெளிந்தது அழுக்கு லென்ஸ் போய்ப் புது லென்ஸ் வந்ததால். அழற்சி அடங்கியதால் அல்ல. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வதில்தான் தவறு தொடங்குகிறது. வெளியே வெள்ளை வெளேரென்று இருக்கும் கண்ணுக்குள் அந்த நாலாவது நாளில் வெள்ளணுக்கள் இன்னும் மிதந்துகொண்டிருக்கலாம். மேலே சொன்ன விழித்திரை நீர்க்கோப்பு பெரும்பாலும் நாலு முதல் ஆறு வாரத்தில்தான் தலைகாட்டும். நன்றாகத் தெரிந்துகொண்டிருந்த கண், மருந்தையே மறந்துபோன ஒரு நாளில் எழுத்துகளை நடுவில் மங்கலாகவோ நெளிந்தோ காட்டத் தொடங்கும். அப்போது சிவப்பும் இருக்காது, வலியும் இருக்காது.

எனவே நிறுத்துவதற்கு அடையாளம் கண்ணின் தோற்றம் அல்ல. தாளில் உள்ள தேதி, அல்லது கருவி வழியாகப் பார்த்த டாக்டரின் வார்த்தை.

வாரத்துக்கு வாரம் ஏன் குறைக்கச் சொல்கிறார்கள்? ஒரேயடியாக நிறுத்தினால் என்ன?

ஸ்டீராய்டு அழற்சியை அமுக்கி வைத்திருக்கிறது. உள்ளே ஆறுவது தனியாக, தன் வேகத்தில் நடக்கிறது. ஆறி முடிவதற்குள் கையைச் சட்டென்று எடுத்தால் அழற்சி மறுபடி கிளம்பும். சில சமயம் முன்பைவிடக் கூடுதலாகவும் கிளம்பும். அதனால்தான் முதல் வாரம் தினம் நாலு முறை, அடுத்த வாரம் மூன்று, பிறகு இரண்டு, ஒன்று என்று இறங்குகிறார்கள். சிலர் ஆறு முறையில் தொடங்கி ஆறு வாரத்தில் இறக்குவார்கள். டைஃப்ளூபிரெட்னேட் வீரியம் கூடிய மருந்து என்பதால் அதற்கு எண்ணிக்கை குறைவாக இருக்கலாம்.

ஸ்டீராய்டு அல்லாத வகைக்குப் பொதுவாக இந்த இறக்கம் கிடையாது. நெபாஃபெனாக் 0.1% என்றால் தினம் மூன்று முறை, 0.3% என்றால் ஒரு முறை, புரோம்ஃபெனாக்கில் பல வகைகள் தினம் ஒரு முறை. கடைசி நாள் வரை அதே எண்ணிக்கை, பிறகு நிறுத்தம். ஆக, ஒரே தாளில் ஒரு மருந்து குறைந்துகொண்டே வரும், இன்னொன்று அப்படியே இருக்கும். தேதி போட்டுத் தாளைக் கண்ணில் படுகிற இடத்தில் ஒட்டிவைத்து, விட்ட ஒவ்வொரு வேளையையும் அடித்துவிடுவதுதான் நான் பார்த்த வழிகளில் சுலபமானது. செல்போன் அலாரம் நேரத்தை நினைவூட்டும். எந்த மருந்து என்பதைத் தாள்தான் சொல்லும்.

மருந்தைச் சரியாக விடுவது எப்படி?

இதைச் சுலபம் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். 2014-ல் வெளியான ஓர் ஆய்வில், கண்புரை ஆபரேஷன் முடிந்து முதன்முறையாகச் சொட்டு மருந்து விடுகிறவர்களை வீடியோ எடுத்துப் பார்த்தார்கள். பத்தில் ஒன்பது பேருக்கு மேல் ஏதோ ஒரு தவறு செய்தார்கள். கண்ணில் படாமல் போவது, பாட்டில் நுனி கண்ணைத் தொடுவது, ஒரே நேரத்தில் பல சொட்டு விடுவது, கை கழுவாமல் தொடங்குவது என்று எல்லாமே இருந்தன. ஆனால் கேட்டபோது, சிரமமே இல்லை என்று சொன்னவர்கள்தான் அதிகம்.

முதலில் சோப்புப் போட்டுக் கை கழுவித் துடைத்துக்கொள்ளுங்கள். மூடியைக் கழற்றிக் கவிழ்த்து வைக்காமல் பக்கவாட்டில் வையுங்கள். தலையை நன்றாகப் பின்னால் சாயுங்கள். முடியவில்லையென்றால் படுத்துக்கொள்ளுங்கள், அது இன்னும் நல்லது. ஒரு விரலால் கீழிமையைக் கன்னத்து எலும்புப் பக்கமாக மெல்ல இழுத்தால் இமைக்கும் கண்ணுக்கும் நடுவே சின்னப் பை போல ஒரு இடம் திறக்கும். சொட்டு விழ வேண்டிய இடம் அதுதான். கருவிழியின் மேல் அல்ல. கருவிழியில் நேராக விழுந்தால் கண் தானாக இறுக மூடி மருந்தை வெளியே தள்ளிவிடும். மேலே கூரையைப் பாருங்கள், பாட்டில் நுனி இமையையோ முடியையோ தொடாமல் ஒரு சென்டிமீட்டர், ஒன்றரை சென்டிமீட்டர் உயரத்தில் பிடித்து, ஒரு சொட்டு.

அப்புறம் கண்ணை மெல்ல மூடுங்கள். இறுக்கிப் பிழிய வேண்டாம், சிமிட்டவும் வேண்டாம். மூக்கோரம் கண்ணின் உள் மூலையில் விரல் நுனியை வைத்து, கண் உருண்டையின் மேல் படாமல், மூக்கு எலும்பின் பக்கமாக லேசாக அழுத்தி ஒன்றிரண்டு நிமிடம் இருங்கள். கண்ணீர் மூக்குக்குள் வடியும் துளை அங்கேதான் இருக்கிறது. அதை மூடினால் மருந்து கண்ணிலேயே தங்கும். வழிந்ததைச் சுத்தமான பஞ்சாலோ டிஷ்யூவாலோ கன்னத்தில் ஒற்றி எடுங்கள், கண்ணைத் தேய்க்காதீர்கள்.

கை நடுங்குகிறவர்கள் பாட்டில் பிடித்த கையின் அடிப்பகுதியை நெற்றியிலோ மூக்குத்தண்டிலோ ஊன்றிக்கொண்டால் நடுக்கம் பாட்டிலுக்குப் போகாது. கண் தானாக மூடிக்கொள்கிறவர்கள் படுத்தபடி கண்ணை மூடி உள் மூலையில் சொட்டை விட்டு, பிறகு கண்ணைத் திறந்தால் மருந்து உள்ளே ஓடிவிடும். இன்னொருவர் விட்டுவிடுவதாக இருந்தால் அவர் எதிரே நிற்பதைவிட நோயாளியின் தலைமாட்டில் நின்று விடுவது சுலபம். பாட்டில் கண்ணை நோக்கி வருவது தெரியாததால் பயம் குறையும்.

இரண்டு சொட்டு விட்டால் சீக்கிரம் ஆறுமா?

ஆறாது. ஒரு சொட்டே சுமார் 30 முதல் 50 மைக்ரோலிட்டர்; கண் கொள்ளக்கூடியது அதிகபட்சம் 30 அளவில்தான். இரண்டாவது சொட்டு கன்னத்துக்கு. ஆனால் முதல் சொட்டு கண்ணில் விழுந்ததா என்றே சந்தேகமாக இருந்தால் இன்னொன்று விடுவதில் தப்பில்லை.

அடுத்த மருந்துக்கு எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும்? எது முதலில்?

ஐந்து நிமிடமாவது. உடனே விட்டால் முதல் மருந்தை இரண்டாவது கழுவிக்கொண்டு போய்விடும். வரிசையைப் பற்றி டாக்டர் எதுவும் சொல்லவில்லையென்றால் தண்ணீர் போல் தெளிவாக இருப்பது முதலில், பால் போல் கலங்கலாக இருப்பது பிறகு, களிம்பு இருந்தால் கடைசியில். வரிசை மாறினால் பெரிய நஷ்டம் இல்லை. இடைவெளி இல்லாமல் போனால்தான் நஷ்டம்.

பாட்டிலைக் குலுக்க வேண்டுமா?

பிரெட்னிசோலோன் அசிடேட், நெபாஃபெனாக் போன்றவை கரைசல் அல்ல. மருந்துத் துகள்கள் திரவத்தில் மிதப்பவை. நின்ற பாட்டிலில் துகள் அடியில் படியும். குலுக்காமல் விட்டால் சில நாள் வெறும் நீரும், மற்ற நாட்களில் கெட்டியான மருந்தும் கண்ணுக்குப் போகும். ஒவ்வொரு முறையும் நன்றாகக் குலுக்குங்கள், ஒரு தடவை லேசாகச் சாய்த்தால் போதாது. தெளிவான கரைசல்களுக்கு இது தேவையில்லை. பாட்டில் மேலேயே போட்டிருக்கும்.

காலையில் இமைமுடியில் வெள்ளையாகப் பொடி படிந்திருந்தால் பலர் சீழ் என்று பயந்துவிடுகிறார்கள். பெரும்பாலும் அது உலர்ந்த பிரெட்னிசோலோன்தான். காய்ச்சி ஆறவைத்த நீரில் நனைத்த சுத்தமான பஞ்சால் மூக்குப் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக ஒரு முறை துடைத்தால் வந்துவிடும். மஞ்சளாக, பிசுபிசுப்பாக, துடைக்கத் துடைக்க வருவது வேறு விஷயம். அதைக் காட்ட வேண்டும்.

ஒரு வேளை மறந்துவிட்டேன்.

நினைவு வந்ததும் விடுங்கள். அடுத்த வேளைக்கு நேரம் நெருங்கிவிட்டால் விட்டதை விட்டுவிட்டு வழக்கப்படி தொடருங்கள். ஈடுகட்ட இரண்டு சொட்டு வேண்டாம். ஒரு வேளை தவறியதால் எதுவும் ஆகாது. இரண்டு மூன்று நாள் முழுக்க விட்டுப்போயிருந்தால் நீங்களாகக் கணக்குப் போடாமல் டாக்டரிடம் கேளுங்கள். தாளை முதலிலிருந்து தொடங்குவதா, விட்ட இடத்திலிருந்தா என்பது கண்ணைப் பார்த்துச் சொல்ல வேண்டியது.

மருந்து விட்டதும் எரிகிறது, தொண்டையில் கசக்கிறது. இது சாதாரணமா?

ஓரிரு நிமிட எரிச்சல் சாதாரணம். கீட்டோரோலாக்குக்கு இது கொஞ்சம் அதிகம். கசப்பு, மருந்து கண்ணீர்த் துளை வழியாக மூக்குக்கும் தொண்டைக்கும் இறங்குவதால் வருவது. மூக்கோரத்தை அழுத்திக்கொண்டால் குறையும். எரிச்சல் நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போனால், இமை தடித்து அரித்தால், அது மருந்தோ அதில் சேர்த்த பென்சால்கோனியம் குளோரைடு என்ற பதப்பொருளோ ஒத்துக்கொள்ளாததாக இருக்கலாம். பதப்பொருள் இல்லாத வகையும் உண்டு, கேளுங்கள்.

மணல் விழுந்தது போன்ற உறுத்தல் வேறு. அது பெரும்பாலும் கண் வறட்சி. அதற்குச் செயற்கைக் கண்ணீர் எழுதித் தருவார்கள்.

ஸ்டீராய்டு என்றாலே பயமாக இருக்கிறது. கண்ணுக்குக் கெடுதல் இல்லையா?

பயம் முழுக்க வீண் என்று சொல்ல மாட்டேன். ஆனால் எதற்குப் பயப்பட வேண்டும் என்று தெரிந்துகொண்டு பயப்படுவது நல்லது.

உண்மையான ஆபத்து கண் அழுத்தம் ஏறுவது. கண்ணுக்குள் சுரக்கும் நீர் வெளியேறும் வடிகாலை ஸ்டீராய்டு சிலருக்கு அடைக்கிறது. தொடர்ந்து விட்டால் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு அழுத்தம் ஓரளவு ஏறும். நூற்றில் ஐந்து பேர் அளவுக்கு மிக அதிகமாக ஏறும். பெரும்பாலும் இரண்டு வாரத்துக்கு மேல் விட்டபிறகுதான் இது தெரியும், மருந்தை நிறுத்தினால் பொதுவாக இறங்கிவிடும். ஏற்கெனவே குளுகோமா (கண் அழுத்த நோய்) உள்ளவர்கள், பெற்றோர் உடன்பிறந்தோரில் யாருக்காவது அது இருப்பவர்கள், அதிக மைனஸ் பவர் இருந்தவர்கள், சர்க்கரை நோயாளிகள் ஆகியோருக்கு வாய்ப்பு கூடுதல். (ஆபரேஷனுக்கு அடுத்த நாளே அழுத்தம் ஏறியிருந்தால் பழியை ஸ்டீராய்டு மேல் போட முடியாது. அது பெரும்பாலும் ஆபரேஷனில் பயன்படுத்திய ஜெல் கொஞ்சம் உள்ளே தங்கியதால்.)

இந்த ஏற்றம் வலிக்காது. பார்வையும் உடனே குறையாது. அதனால்தான் கண் நன்றாக இருக்கும்போதே மறுபரிசோதனைக்கு வரச்சொல்கிறார்கள். அந்தப் பரிசோதனையைத் தவறவிட்டு மருந்தை மட்டும் தொடர்வது, பாதியில் நிறுத்துவதைவிட மோசம் என்பது என் எண்ணம். அழுத்தம் ஏறியிருந்தால் அதைக் குறைக்க இன்னொரு சொட்டு மருந்து சேர்ப்பார்கள், அல்லது அழுத்தத்தை அவ்வளவாக ஏற்றாத லோட்டிபிரெட்னால் போன்ற ஒன்றுக்கு மாற்றுவார்கள்.

ஸ்டீராய்டால் கண்புரை வரும் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அது உண்மைதான். ஆனால் ஆபரேஷன் ஆன கண்ணில் புரை வர இயற்கை லென்ஸே இல்லை. மாதங்கள் கழித்து லென்ஸுக்குப் பின்னால் உள்ள சவ்வு மங்குவது வேறு காரணத்தால். அதைச் சில நிமிட லேசரில் சரிசெய்துவிடுவார்கள்.

அப்படியானால் ஸ்டீராய்டு அல்லாதது முழுக்கப் பாதுகாப்பானதா?

அழுத்தத்தைப் பொறுத்தவரை ஆம். கருவிழியைப் பொறுத்தவரை கொஞ்சம் கவனம் வேண்டும். இந்த மருந்துகள் கருவிழியின் உணர்ச்சியைக் குறைக்கும், மேல்தோல் ஆறுவதைத் தாமதப்படுத்தும். அபூர்வமாகக் கருவிழி கரைந்து மெலிந்துபோன சம்பவங்கள் உண்டு. கடுமையான கண் வறட்சி, முடக்குவாதம், நாள்பட்ட சர்க்கரை நோய், முன்பே கருவிழியில் சிக்கல் உள்ளவர்கள் இதை ஆபரேஷனுக்கு முன்பே சொல்லிவிட வேண்டும். ஆஸ்பிரினோ வலி மாத்திரையோ சாப்பிட்டால் மூச்சுத்திணறல் வருகிறவர்களும் சொல்ல வேண்டும். கண்ணில் விடும் சொட்டிலும் அது வரலாம்.

சர்க்கரை நோய் இருக்கிறது. ஸ்டீராய்டு சொட்டால் சர்க்கரை ஏறுமா?

மாத்திரை, ஊசி அளவுக்கு ஏறாது. சொட்டு மருந்தில் உடம்புக்குள் போவது மிகக் குறைவு. உங்களுக்கு முக்கியம் வேறொன்று. சர்க்கரையால் விழித்திரை ஏற்கெனவே பாதிக்கப்பட்டிருந்தால் நீர்க்கோப்பு வரும் வாய்ப்பு கூடுதல். அதனால் ஸ்டீராய்டு அல்லாத மருந்தை உங்களுக்கு இன்னும் நீண்ட நாள் எழுதலாம், ஸ்கேனும் எடுக்கலாம். மற்றவர்களுக்கு ஒரு மாதத்தில் முடிந்ததே என்று கேட்டு நிறுத்திவிடாதீர்கள்.

ஏற்கெனவே குளுகோமா சொட்டு மருந்து விட்டுவருகிறேன்.

டாக்டர் நிறுத்தச் சொன்னாலொழிய நிறுத்தாதீர்கள். பழைய பாட்டிலைத் தூக்கிப்போட்டுவிட்டு ஆபரேஷன் நாளிலிருந்து புதுப் பாட்டில் திறப்பது நல்லது.

எண்ணிக்கையைக் குறைத்ததும் மறுபடி சிவக்கிறது, வெளிச்சம் கூசுகிறது.

அழற்சி திரும்புகிறது என்று அர்த்தமாக இருக்கலாம். நீங்களாகவே பழைய எண்ணிக்கைக்கு ஏற்றிக்கொண்டு காத்திருக்காதீர்கள். அன்றோ மறுநாளோ போய்க் காட்டுங்கள். பெரும்பாலும் எண்ணிக்கையைக் கூட்டி, இன்னும் மெதுவாக இறக்குவார்கள். ஆனால் அதற்கு முன் கிருமித் தொற்று இல்லை என்று பார்க்க வேண்டும், லென்ஸின் துணுக்கு ஏதும் உள்ளே தங்கியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

எப்போது காத்திருக்காமல் ஓட வேண்டும்?

வலி கூடிக்கொண்டே போவது, தெளிவாக இருந்த பார்வை குறைவது, சிவப்பு ஏறுவது, கண்ணின் கறுப்புக்கு முன்னால் வெள்ளைக்கோடு போல ஏதோ படிவது. இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றே, ராத்திரியானாலும். கண்ணுக்குள் கிருமித் தொற்று என்றால் ஒவ்வொரு மணி நேரமும் பார்வையைத் தின்னும். பெரும்பாலும் முதல் ஒரு வாரத்துக்குள்தான் வரும், சில நேரம் பல வாரம் கழித்தும் வரும். ஸ்டீராய்டு விட்டுக்கொண்டிருக்கும்போது ஆரம்ப அறிகுறிகள் மங்கலாகத் தெரியும் என்பதால் இன்னும் கவனம் தேவை. மின்னல் போல வெளிச்சப் பொறிகள், திடீரென்று நிறையக் கரும்புள்ளிகள், ஓரத்தில் திரை இறங்குவது போன்ற நிழல் ஆகியவை விழித்திரை விலகுவதன் அறிகுறிகள். அதற்கும் உடனே போக வேண்டும்.

சொட்டு மருந்தே வேண்டாத முறை இருக்கிறதாமே?

இருக்கிறது. ஆபரேஷன் முடியும்போதே கண்ணுக்குள்ளோ கண்ணைச் சுற்றிய திசுவிலோ ஸ்டீராய்டை வைத்துவிடுவது ஒரு வழி. கண்ணீர்த் துளையில் பொருத்தி, சுமார் ஒரு மாதம் டெக்ஸாமெத்தசோனைக் கசியவிட்டுத் தானாகக் கரையும் சின்னச் செருகி இன்னொன்று. அமெரிக்காவில் 2018-ல் அனுமதி கிடைத்தது. கை நடுக்கம், மறதி உள்ளவர்களுக்கும் விட்டுவிட ஆள் இல்லாதவர்களுக்கும் நல்ல வழிதான். ஒரு குறை: அழுத்தம் ஏறினால் சொட்டு மருந்தை நிறுத்துவதுபோல் உள்ளே வைத்ததைச் சட்டென்று நிறுத்த முடியாது. எல்லா மருத்துவமனையிலும் செய்வதில்லை, எல்லாருக்கும் பொருந்துவதும் இல்லை.

மருந்து மீதி இருக்கிறது. அடுத்த கண் ஆபரேஷனுக்கு வைத்துக்கொள்ளலாமா?

கூடாது. திறந்த பாட்டிலைப் பொதுவாக நாலு வாரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. திறந்த தேதியைப் பேனாவால் பாட்டிலிலேயே எழுதிவிடுங்கள். புதிதாகத் திறந்த கண்ணில் பழைய பாட்டில் நுனியில் உள்ள கிருமியைச் சொட்டுவிடுவது வீண் துணிச்சல். இரண்டு கண்ணும் சில நாள் இடைவெளியில் ஆபரேஷன் ஆகி, இரண்டுக்கும் ஒரே நேரத்தில் மருந்து ஓடினாலும் வலது, இடது என்று பெரிதாக எழுதித் தனித்தனி பாட்டில்.

மீதி ஸ்டீராய்டு பாட்டிலை வீட்டில் வைத்திருப்பதில் இன்னொரு வம்பு. யாருக்காவது கண் சிவந்தால், இருக்கிறதே என்று எடுத்து விடுவார்கள். சிவப்பு உடனே குறையும், மருந்து வேலை செய்ததாகத் தோன்றும். அந்தச் சிவப்பு ஹெர்பிஸ் வைரஸாலோ பூஞ்சையாலோ வந்த கருவிழிப் புண்ணாக இருந்தால் ஸ்டீராய்டு அதை வளரவிடும், தழும்பு நிலைத்துவிடும். தாளில் கடைசிக் கட்டத்தை அடித்ததும் பாட்டிலையும் குப்பையில் போட்டுவிடுங்கள்.